பாதமும் பெற்றோலும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை ஒன்று வேண்டி எழுதியபோது, பழைய மாணவன் ஒருவன் எழுதத்தக்க பொருள்கள் பலவும் எம் மனக்கண் முன்னே வந்து நின்றன. விடுதிச் சாலையின் உணவு, ஆசிரியர் கைப் பிரம்பு, மைதானத்து வெற்றி தோல்விகள் ஆகிய யாவும் யாம் அறியாதன அல்ல. ஆயினும் அவற்றை எம்மினும் சுவைபட எழுதுவார் இம்மலரிலே பலர் உளர். எனவே யாம் ஈண்டு எழுதப் புகுந்தது, ஒரு சிறிய மோட்டார் வண்டியையும் அதனை ஓட்டும் எமது வலது பாதத்தையும் பற்றியதாகும். “இஃதென்ன, கல்லூரி மலரிலே பெற்றோற் கணக்கா?” என்று நகைக்க விரும்பும் அன்பர்கள், 2022ஆம் ஆண்டினை ஒரு கணம் நினைவுகூர்வார்களாக.

அவ்வாண்டு சனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், யூன் 26ஆந் திகதி 470 ரூபாவாயிற்று. விலை ஏறியது போதாதென்று பொருளும் மறைந்தது. யூன் இறுதியிலிருந்து யூலை 10ஆந் திகதிவரை, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என அரசாங்கம் அறிவித்தது. நாட்கணக்காக வரிசைகளிலே வண்டிகள் உறங்கின. வண்டிகளுள்ளே மனிதரும் உறங்கினர். பின்னர் யூலையிலே, கியூஆர் குறி கொண்ட தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. செல்வர்க்கும் வறியவர்க்கும் அளவு ஒன்றே. பணம் இருந்தும் பயனில்லை என்னும் நிலையை எம்மிற் பலர் அப்பொழுதே முதன்முறையாகக் கண்டோம்.

அக்காலத்தில் யாம் மன்னார்த் தீவின் தோட்டவெளியிலே ஆசிரியப் பணி காரணமாக வாழ்ந்திருந்தோம். மன்னார் நகரினின்று தலைமன்னார் நோக்கிச் செல்லும் பாதையிலே, பனைகளும் மணலுமாகப் பரந்து கிடக்கும் ஊர் அது. 1544ஆம் ஆண்டின் மறைசாட்சிகளை நினைவூட்டும் ஆலயம் ஒன்று அவ்வூருக்குப் பெருமை தருவது. 1990இல் நின்றுபோய் 2015இலே மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார்ப் புகையிரதத்துக்கு அங்கே ஒரு நிலையமும் உண்டு. ஆனால் அப்புகையிரதம் மதவாச்சிப் பக்கமாகச் செல்வதாதலின், யாழ்ப்பாணம் போக வேண்டிய எமக்கு உதவுவதன்று.

எமக்கோ வாரந்தோறும் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. எம்முடன் வாழ்ந்த எம் தாயாருக்கு, யாழ். போதனா வைத்தியசாலையிலே செவ்வாய்க்கிழமைதோறும் சிகிச்சை. எழுபத்தாறு வயதிலே, டீசலின்றிக் குறைந்துபோன பேருந்துகளின் நெரிசலிலே அவர் நின்று பயணஞ் செய்தல் இயலாது. எம்மிடம் இருந்ததோ ஒரு சுசூக்கி ஆல்ட்டோ. 796 கன சென்டிமீற்றர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் உடைய எஞ்சின். ஏறத்தாழ 700 கிலோகிராம் எடை. நகரத்தார் அதனைக் கண்டு புன்னகை புரிவர். எமக்கு அதுவே புட்பக விமானம்.

தோட்டவெளியிலிருந்து பூநகரிப் பாதை வழியே யாழ்ப்பாணம் சென்று மீள ஏறத்தாழ 230 கிலோமீற்றர். எமது வண்டி அந்நாளிலே ஒரு லீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோமீற்றர் ஓடிற்று. வகுத்துப் பாருங்கள்: 18.4 லீற்றர். வாரப் பங்காகிய இருபதிலே எஞ்சுவது ஒன்றரை லீற்றரளவே. பாடசாலைக்கும் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் அதற்குள்ளேதான் ஓடவேண்டும். இக்கணக்கினை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கும் அறிவு எமக்கு இருந்திருப்பின், பின்வரும் நிகழ்ச்சி நேர்ந்திராது, இக்கட்டுரையும் பிறந்திராது.

ஆகத்து மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. சிகிச்சை முடியப் பிந்திவிட்டது. இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்னும் பதற்றத்தினால் யாம் வண்டியை விரட்டினோம். சங்குப்பிட்டிப் பாலங் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் என ஊர்கள் பின்னோடின. சோழகக் காற்று எதிர்த்து வீசிற்று. யாம் அதனை எதிர்த்து மேலும் மிதித்தோம். விடத்தல்தீவையுந் தாண்டித் திருக்கேதீச்சரச் சந்திக்குச் சில கட்டைகள் இப்பால் வந்தபோது, வண்டி இருமுறை விக்கிற்று, பின் நின்றுவிட்டது. வீட்டுக்கு இன்னும் பதினைந்து கிலோமீற்றர் இருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. பின்னிருக்கையிலே தாயார் ஒன்றுஞ் சொல்லாது இருந்தார். அவர் ஏதேனுங் கடிந்து கூறியிருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அரை மணி நேரத்தின் பின் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கட்டுக்கரைக் குளத்துப் பாய்ச்சலிலே வயல் செய்பவர். வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்தார். எம்மை ஒருமுறை பார்த்தார். பின்னர் தமது சைக்கிளின் பெற்றோற் குழாயைக் கழற்றி, தண்ணீர்ப் போத்தல் ஒன்றிலே பிடிக்கத் தொடங்கினார். யாம் தடுத்தோம். “ஐயா, அம்மாவை இருட்டிலை வைச்சிருக்கேலாது. ஒரு லீற்றர் எடுங்கோ, பதமாய் ஓடினால் வீடு போய்ச் சேருவியள்” என்றார். யாம் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு அவ்வாரம் கிடைத்தது நான்கு லீற்றர். அதிலே கால்பங்கினை, பெயர்தானும் அறியாத ஒருவனுக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த ஒரு லீற்றருடன் யாம் ஓடிய ஓட்டமே எமது கல்வியின் தொடக்கமாயிற்று. ஐம்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே ஏறவில்லை. மிதியின்மேற் பாதத்தை முட்டையின்மேல் வைத்ததுபோல வைத்திருந்தோம். பிறேக்கைத் தொடவே அஞ்சினோம். கடற்பாலத்தைக் கடந்து, நகரைத் தாண்டி, வீட்டு வாயிலிலே வண்டி நின்றபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக் கிலோமீற்றர் ஓடும் வண்டி, பதினைந்துக்கு மேல் ஓடியிருக்கிறது! வண்டி அதே வண்டி. பாதை அதே பாதை. காற்றும் அதே காற்று. மாறியது எமது பாதம் ஒன்றே. அவ்வாறாயின், இத்துணை ஆண்டுகளாக ஒவ்வொரு லீற்றரிலும் எவ்வளவினை யாம் வீணே கொட்டியிருக்கிறோம் என்னும் எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் எமது அயலிலே வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் முன்னாளிலே யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார் ஓட்டியவர். 1990இன் பின் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தை எம்மிற் பலர் அறிவோம். மண்ணெண்ணெயிலே வண்டி ஓடிய காலம் அது. சிறு சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எஞ்சின் நின்று ஆறிவிட்டால், மீண்டும் அந்த அரிய துளிகள் வேண்டும். ஆதலின் அவர் போன்ற சாரதிகள் ஓட்டத்தைக் குலையாது காப்பதனையே தொழிலின் உயிராகக் கொண்டனர். அவர் ஒருநாள் எம் அருகிலே அமர்ந்து, யாம் ஓட்டுவதை மன்னார் வரையும் பார்த்தார். திரும்பும்போதே வாய் திறந்தார்.

“மாஸ்டர், பிறேக்கை மிதிக்கிற ஒவ்வொரு முறையும், காசு குடுத்து வாங்கின பெற்றோலை றோட்டிலை ஊத்திறியள்.”

இவ்வாக்கியத்தின் உண்மையை யாம் வீட்டிலே கணக்கிட்டுப் பார்த்தோம். பௌதிக ஆய்வுகூடத்திலே எம் ஆசிரியர் கற்பித்த சூத்திரம், நாற்பது ஆண்டுகளின் பின் உதவிக்கு வந்தது. ஓடும் பொருளின் இயக்கசக்தி, அதன் திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கியதாகும். ஆட்களுடன் 900 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது, அதனிடத்தே ஏறத்தாழ 125,000 யூல் சக்தி உண்டு. ஒரு லீற்றர் பெற்றோலிலே 3 கோடியே 20 இலட்சம் யூல் அளவில் அடங்கியிருப்பினும், எஞ்சின் அதிலே ஐந்திலொன்று அல்லது நாலிலொன்றையே ஓட்டமாக மாற்றும். எஞ்சியது வெப்பமாய்ப் போய்விடும். எனவே நின்ற வண்டியை ஒருமுறை 60க்கு உயர்த்த, மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி பெற்றோல் செலவாகின்றது. பிறேக் அவ்வளவையும் சூடாக்கிக் காற்றிலே விட்டுவிடுகின்றது. இத்தகைய அறுபது நிறுத்தங்கள் ஏறத்தாழ ஒரு லீற்றர்! வேகம் 80 ஆயின் ஒவ்வொரு நிறுத்தத்தின் விலையும் ஏறக்குறைய இருமடங்கு.

ஆகவே முதியவர் எமக்குக் கற்பித்த முதற் பாடம் பாதத்தைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. “காருக்கு முன்னாலை ஓடவேணும் உங்கடை கண்” என்பார். மன்னாரிலே கழுதைகள் தெருவின் உரிமையாளர்; ஒலிப்பானுக்கு அவை செவிசாய்ப்பதில்லை. இருநூறு மீற்றருக்கு அப்பால் அவற்றைக் கண்டவுடன் பாதத்தை எடுத்துவிட்டால், வண்டி தானே தணிந்து செல்லும். யாம் அணுகும்போது அவையும் பெரும்பாலும் நடந்துவிட்டிருக்கும். கிட்டச் சென்று பிறேக்கை அழுத்திப் பின் சினத்துடன் சீறிப் புறப்படுபவன், ஒரு கழுதைக்காக இருமுறை நட்டமடைகின்றான். எரிபொருளை ஊசிவழி விசிறும் இக்கால எஞ்சின்களில் இன்னொரு நன்மையும் உண்டு. கியரிலே இருக்கும்போது பாதத்தை எடுத்தால், எஞ்சினின் சுழற்சி நன்கு தணியும்வரை பெற்றோல் வருவதே நிறுத்தப்படுகின்றது. கியரை விலக்கி வண்டியைச் சும்மா உருள விடுவது சிக்கனம் என எண்ணுவோர் தவறுகின்றனர். அப்போது எஞ்சின் தன்னைத் தான் ஓட்டிக்கொள்ளப் பெற்றோல் குடிக்கும். வண்டியும் எம் வசத்தில் இராது.

இரண்டாம் பாடம் வேகமும் காற்றும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. 60இலிருந்து 80க்கு ஏறின், வேகம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. தடையோ முக்கால் பங்குக்கு மேற் கூடுகின்றது. மன்னாரின் காற்றைப் பற்றி யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது சுழலிகளும் அதன் வலிமைக்குச் சான்று. தென்மேற்கிலிருந்து வரும் சோழகம், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வருபவனை எதிர்த்து நிற்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றிலே 60இல் ஓடும் வண்டி, 90இல் ஓடும் வண்டியின் காற்றுத் தடையைத் தாங்குகின்றது. அஃதாவது இரண்டேகால் மடங்கு. அன்று யாம் காற்றோடு பொருதது எத்துணைப் பேதைமை! அதன் பின், போகும்போது முதுகிலே தள்ளும் காற்றை நன்றியுடன் ஏற்றோம். வரும்போது ஐம்பதுக்குள் அடங்கி வந்தோம். பழங்காலத்துப் பொருட்களை ஏற்றவெனக் கூரையிலே பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தையுங் கழற்றினோம். அதுவும் காற்றுக்குப் பாய் விரித்தது போன்றதே.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவோம். எஞ்சின் திணறாத அளவிலே விரைவில் மேற்கியருக்கு மாறுதல் நன்று; மெதுவாகச் சுழலும் எஞ்சின் தன் உராய்விலே இழப்பது குறைவு. ரயர்களின் காற்றை ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் மணலிலே நடக்கும் மனிதன் போல வருந்தும். காத்திருக்கும் இடத்திலே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஏறத்தாழ 45 கிலோ சுமை கூடினால் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு ஒன்றளவு குறையும் என்பர். ஆதலின் வண்டிக்குள்ளே மாதக்கணக்காகப் பயணஞ் செய்த பழைய பரீட்சைத் தாள்களையும் இறக்கினோம்.

இவை யாவும் எமது ஊரார் மட்டும் கண்டறிந்தன அல்ல. அமெரிக்காவிலே 1936 முதல் 1968 வரை, இடையிலே உலகப்போரினால் தடைப்பட்டும், சிக்கன ஓட்டப் போட்டி நடைபெற்றது. விரைந்து சென்றவனுக்கன்றிக் குறைவாகக் குடித்த வண்டிக்கே அங்கு பரிசு. 1973இன் எண்ணெய் நெருக்கடியின் பின், 1974இலே அந்நாட்டவர் தம் பெருந்தெருக்களின் வேகத்தை மணிக்கு 55 மைலுக்குக் கட்டுப்படுத்தினர். பதறியும் பாய்ந்தும் ஓட்டுதல், நெடுந்தெருவிலே நூற்றுக்கு 15 முதல் 30 வரையும், நின்று நின்று செல்லும் நகர்த்தெருவிலே 10 முதல் 40 வரையும் எரிபொருட் சிக்கனத்தைக் குறைக்கும் என அந்நாட்டு எரிசக்தித் திணைக்களம் கூறுகின்றது. எமது குறிப்புப் புத்தகமும் அதனையே கூறிற்று. தாங்கியை நிரப்பிய ஒவ்வொரு முறையும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய லீற்றரையும் எழுதி வைத்தோம். பன்னிரண்டரை, ஆறு வாரங்களிலே பதினாறாயிற்று. பின்னர் பதினேழரையில் நிலைத்தது. யாழ்ப்பாணப் பயணம் 18.4 லீற்றரிலிருந்து 13 லீற்றரளவுக்கு இறங்கிற்று. பயண நேரமோ இருபத்தைந்து நிமிடமே கூடிற்று. விரைந்து ஓடிய காலத்திலே, மிச்சம்பிடித்த அந்த இருபத்தைந்து நிமிடத்தை யாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்று எவ்வளவு சிந்தித்தும் எமக்கு நினைவு வரவில்லை.

இன்னொன்றுங் கூற வேண்டும். யாம் மெதுவாக ஓட்டத் தொடங்கிய பின், தாயார் வழியிலே பேசத் தொடங்கினார். விரைந்து சென்ற நாளிலே, முன்னிருக்கையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு கண் மூடியிருந்தவர், இப்போது வயலையும் நாரையையும் காட்டிக் கதை கூறுவார். நோயாளி ஒருவரைப் பிறேக்கின் ஒவ்வொரு அடியிலும் முன்னே தள்ளிப் பின்னே வீழ்த்தியிருக்கிறோம் என்பதனை அப்பொழுதே உணர்ந்தோம். அதற்கு ஒரு கணக்கும் எம்மிடம் இல்லை.

ஒக்ரோபர் மாதத்திலே, திருக்கேதீச்சர ஆலய வாயிலில் அந்த வயற்காரரைத் தற்செயலாகக் கண்டோம். ஓடிச்சென்று கையைப் பற்றி, அந்த ஒரு லீற்றரைத் திருப்பித்தர வேண்டும் என்றோம். அவர் சிரித்தார்.

“அதையோ ஐயா? மிச்சத்தையும் நான் அந்தக் கிழமையே ஓடி முடிச்சிட்டன். நீங்கள் இன்னும் அதை நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ?” என்றவர், சற்றே தயங்கிப் பின் கேட்டார்: “செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போறதெண்டால் ஒரு உதவி. எங்கடை அம்மாவுக்குக் கண் கிளினிக் இருக்கு. பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போகேலாமல் கிடக்கு.”

அச்செவ்வாய் முதல், எமது சிறு வண்டியின் பின்னிருக்கையிலே இரு தாய்மார் அமர்ந்து சென்றனர். கூடிய சுமைக்குக் கூடிய பெற்றோல் மிகச் சிறிதே. வீட்டிலே எம் பிள்ளை கணக்குப் போட்டுக் கூறினான்: ஒரு லீற்றரிலே ஓடிய தூரம் சற்றுக் குறைந்தாலும், ஒருவரை ஏற்றிச் செல்லும் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று. வெற்றிருக்கையினும் பெரிய வீண்செலவு வண்டியிலே வேறில்லை என்பது அன்று எமக்கு விளங்கிற்று.

2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதியுடன் அந்தப் பங்கீட்டு முறை நீக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ பேர் பழைய பாதத்துக்கே மீண்டனர். யாமும் சில வேளைகளிலே மீள முயன்றதுண்டு, மறைப்பானேன்! ஆனால் மிதியை அழுத்தும்போதெல்லாம், அந்தி நேரத்திலே ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒழுகிய பெற்றோலின் சத்தம் செவியிற் கேட்கும். பாதம் தானே தளரும். சிக்கனம் என்பது உலோபமன்று. யாம் வீணே கொட்டுவது எமது பொருளெனினும், அது குறைந்த காலத்திலே இன்னொருவர் தம் பங்கிலிருந்து அளந்து ஊற்ற நேர்கின்றது. அவ்வொருவர் எப்போதும் எம்மினும் குறைந்த பங்கு உடையவராகவே இருக்கிறார்.

இன்று எம் கல்லூரியிலே பயிலும் மாணவச் செல்வங்கள் நாளை வண்டி ஓட்டுவர். பௌதிக வகுப்பிலே இயக்கசக்தியின் சூத்திரத்தை எழுதும்போது, அது பரீட்சைத் தாளிலே மட்டும் வாழ்வதன்று, வலது பாதத்தின் கீழும் வாழ்வது என்பதனை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக. அச்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி எமக்கு அறிவூட்டிய ஆசான்களுக்கும், அவர்களை எமக்களித்த கல்லூரி அன்னைக்கும் எம் வணக்கம் உரியது. அன்னை பல்லாண்டு வாழ்க. அவள் மக்கள் பதறாது, பிறர் பங்கினை மறவாது, நெடுந்தூரம் செல்க.